கம்பியில் ஒற்றைத் தட்டு

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிறது. மேல்மலைத் தேயிலைக் கொழுந்து தொழிற்சாலைக்குக் கம்பியில்தான் இறங்கும். அரைமைல் நீளத்துக்கு ஒரே இரும்புக் கம்பி. மேல்முனையில் நான் சாக்கைக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிட்டால், அது தன் பாரத்திலேயே ஓடிக் கீழே போய்ச் சேரும். கீழே நிற்பவர் அதைக் கழற்றி முடிப்பதற்குள் அடுத்த சாக்கு போய்விடக் கூடாது. அவருக்கு என் முகம் தெரியாது, குரலும் கேட்காது. ஆனால் கம்பியை ஓர் இரும்புக் கழியால் தட்டினால் ஓசை மறுமுனையில் தெளிவாகக் கேட்கும். அதனால் எங்கள் பேச்செல்லாம் தட்டுகள்தான்.

அந்தத் தட்டுகளை ஒழுங்குபடுத்த எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. கீழிருந்து 'அனுப்பு' என்றால் இரண்டு தட்டு, சற்று நிறுத்தி இன்னொன்று. 'நிறுத்து' என்றால் மூன்று, சற்று நிறுத்தி இரண்டு. ஒற்றைத் தட்டுக்குப் பொருளே கிடையாது. காரணம் இதுதான்: கம்பியை நடுவழியில் ஒரு மரத்தூண் தாங்குகிறது. பருவக்காற்று வீசும்போது கம்பி ஆடி, தூணின் உச்சியில் அடித்திருக்கும் இரும்புப் பட்டையில் இடிக்கும். மேலே நிற்பவன் காதுக்கு அது ஆள் தட்டியது போலவே இருக்கும். காற்று ஒரு தட்டு தட்டும். சில நேரம் இரண்டுகூடத் தட்டும். ஆனால் இரண்டு தட்டி, மூச்சு விடும் நேரம் பொறுத்து, மூன்றாவதைத் தட்ட அதற்குத் தெரியாது.

1956இல் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் இதை எட்டுப் பக்கப் புத்தகமாகப் போட்டேன். முதல் பக்கத்தில் மூன்று வரிகள். எந்தத் தோட்டமும் என்னைக் கேட்காமலே இதை எடுத்துக்கொள்ளலாம். பொன்னையா என்ற பெயரை நீக்கக் கூடாது. எதையாவது மாற்றினால், எதை மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று எழுத வேண்டும். பெயர் இருந்தால்தான் சந்தேகம் வந்தவன் யாரைக் கேட்பதென்று அறிவான். மாற்றத்தைச் சொன்னால்தான் கோளாறு எங்கே புகுந்தது என்று தெரியும்.

அடுத்த வருஷம் மாசியில் வேறொரு புத்தகம் என் கைக்கு வந்தது. கொத்மலைப் பக்கத் தோட்டம் ஒன்றின் கிளாக்கர் கணேசமூர்த்தி போட்டது. வாக்கியங்கள் என்னுடையவை. நான் வரைந்த தூண் படம்கூட அப்படியே இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. வேலையை மேற்பார்க்கும் எங்கள் கண்டாக்கு அதை என்னிடமே நீட்டி, படித்தவர் எழுதினால் எப்படி இருக்கிறது பார் என்றார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு மாற்றம். நாளுக்கு நூறு தடவை தட்டும் 'அனுப்பு'க்கு மூன்று தட்டு எதற்கு என்று, அதை ஒற்றைத் தட்டாகச் சுருக்கியிருந்தார். மாசியில் காற்றில்லை. வேலை வேகமாக நடந்தது, அவருடைய தோட்டத்துரை பாராட்டினார் என்று கேள்விப்பட்டேன். ஆனால் பருவக்காற்று வரும் ஆனியில் என்ன ஆகும் என்பது அந்த வரியைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓர் அஞ்சலட்டை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சாக்குகள் மோதிக் கொழுந்து சிதற, துரை முன்னால் அவர் காரணம் சொல்லத் தெரியாமல் விழிப்பதை நினைத்துக்கொண்டே நாலு மாதம் சாக்கு மாட்டினேன். அவ்வளவு உற்சாகமாக நான் வேலை செய்ததே இல்லை.

ஆனி இரண்டாம் வாரம் அங்கே காற்று ஒற்றைத் தட்டுத் தட்டியது. மேலே இருந்தவர் சாக்கை விட்டார். கீழே முந்தைய சாக்கைக் கழற்றிக்கொண்டிருந்த சோலைமலை என்பவரின் தோளில் அது மோதியது. விசாரணையில் கணேசமூர்த்தி, இந்த முறை தன்னுடையதல்ல, நோர்வூட் பொன்னையாவுடையது என்று சொல்லிவிட்டார். என் பெயரை அவர் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தத் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் துரை என்னைக் கூப்பிட்டார். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, தூண், பட்டை, காற்று என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். கால்மணி நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. பதில் கடிதம் போயிற்று. நான் இந்த மாற்றத்தைச் சொல்லும் ஒரு பக்கம் சேர்த்து இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்தில் சொல்லிவைத்தேன்.

அதைக் கேள்விப்பட்டுக் கணேசமூர்த்தியே என் லயத்து வீட்டுக்கு வந்தார்.

"பொன்னையா அண்ணே, அச்சுல மட்டும் போட்றாதீங்க," என்றார். கிளாக்கர்மார் என்னை அண்ணே என்று கூப்பிடுவதில்லை. "எம் பொத்தகத்துல ஒங்க பேரப் போட்டே திரும்ப அடிச்சுர்றேன்."

"எம் பேர இப்ப யாருங்கையா கேட்டா? ஒங்க பேரத்தான் போடப் போறேன். ஒத்தத் தட்டு நீங்க கண்டுபிடிச்சதுதானே? ஒங்க ஒழைப்ப நான் திருடலாமா?"

அவர் படியிறங்கிப் போனார். அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிய பக்கத்தில் மாற்றம், மாற்றியவர் பெயர், விளைவு என்று எழுத வேண்டியிருந்தது. விளைவைத் துல்லியமாக எழுதுவதற்காக, நாவலப்பிட்டி ஆசுபத்திரியில் இருந்த சோலைமலையைப் போய்ப் பார்த்தேன். இடது தோள் முழுக்கக் கட்டு. சாக்கு எந்தப் பக்கமிருந்து வந்தது, அவர் எப்படி நின்றார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகு தாளில் தூணை வரைந்து காற்று தட்டும் விதத்தையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த கிளாக்கர் பொத்தகத்த நீங்க எப்பங்க பாத்தீங்க?"

"மாசியில."

"பாத்தப்பவே வெளங்கிருச்சா, இப்படி ஆகும்னு?"

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சாக்குகதான் கொட்டும்னு நெனச்சேன்," என்றேன்.

"சாக்கு வாற எடத்துல ஆளு நிக்கும்ல," என்று சொல்லிச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹட்டனுக்குத் திரும்பும் ரயிலில், றொசல்ல ஸ்டேஷன் வருவதற்குள் பென்சிலால் ஒரு வரி எழுதினேன்: இப்படி நேரும் என்று மாசியிலேயே அறிந்தும் சொல்லாதவர், பொன்னையா.

அச்சகத்தில் எழுத்துக் கோத்து முடித்திருந்தார்கள். நான் கேட்டபடியே கணேசமூர்த்தியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது, ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அச்சுக்கோப்பவர் கேட்டார்.

ஒன்றுமில்லை, முந்நூறு பிரதி அடியுங்கள் என்றேன்.