மடிந்து கிடந்த கோடு

பதினொரு மணிக்குக் கூட்டம். பத்தேகாலுக்குத்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

கூட்டத்தில் காட்ட ஒரு நல்ல படம் எடுக்கத்தான் வந்திருந்தேன். இரத்தத்தை உறைய வைக்கும் ஒரு புரதம், அடிபட்ட இரத்தக்குழாயின் சுவரையும் உள்பக்கமாகத் தடிக்க வைக்கிறது என்பது எங்கள் மேடத்தின் கட்சி. அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குச் சுவர் தடிக்கவில்லை. சாதாரண எலிகளுக்கு இரண்டு மடங்கு தடித்திருந்தது. அளந்தவள் நான். இன்று கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால், புரதத்தை அடக்கும் மருந்து சோதனை முறையில் நோயாளிகளுக்குப் போகும். பட்டியலில் முதல் ஆள் என் தம்பி. அவன் காலில் பைபாஸ் செய்து வைத்த குழாய் மறுபடி அடைத்துக்கொண்டு வருகிறது. முழுக்க அடைத்தால் காலை எடுக்க வேண்டும்.

சாதாரண எலியின் குழாய்ச் சுவரில், உள்விளிம்பை ஒட்டி மடிப்பில்லாமல் ஓட வேண்டிய கோடு, பிழிந்த துணி போல மடிந்து கிடந்தது. அடுத்த ஸ்லைடும் அப்படியே. குழாய் சுருங்கியிருந்தால்தான் அந்தக் கோடு மடியும். இத்தனை நாளும் கம்ப்யூட்டர் தந்த எண்களை மட்டும் பார்த்திருக்கிறேன், பாவி!

குழாயைப் பதப்படுத்தும் திரவ பாட்டிலை எலிக்கு மேலே நாலரை அடி உயரத்தில் தொங்கவிட வேண்டும். அந்த அழுத்தத்தில்தான் குழாய் விரிந்து நிற்கும். சாதாரண எலிகளின் குழாயை எடுத்த வாரத்தில் பாட்டில் தொங்கும் கொக்கி பெயர்ந்துவிட்டது. மாட்ட ஆள் வர நாலு நாளாகும் என்றார்கள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. பாட்டிலை மேசையிலேயே வைத்து முடித்தேன். சுருங்கிய குழாய்க்குச் சுவர் தடிப்பாகத்தானே தெரியும்?

ஒரு ஸ்லைடில் மட்டும் மடிப்பு குறைவு. அதைப் படமெடுத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். ஆனால் அந்த மருந்து இரத்தம் உறைவதையும் தடுக்கும். பலனில்லாத மருந்தால் தம்பிக்கு மூளையில் இரத்தம் கசிந்தால்?

மேடத்தை அழைத்து வந்தேன். "மேடம், அந்த ரெண்டு மடங்கை நம்ப முடியாது. பாட்டிலை நான் கீழ வச்சுட்டேன்."

"எத்தனை எலிக்கு?"

"சாதாரண எலி பன்னெண்டுக்கும்."

அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "உன் தம்பிதானே முதல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கூட்டத்தை நிறுத்தப் போனார்.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"மருந்துக்கு சம்மதம்னு கையெழுத்து போட்டாச்சுக்கா!" என்றான், அவ்வளவு சந்தோஷமாக. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அந்தக் கையெழுத்தை அடிச்சிடுடா. நான் தப்பா பண்ணிட்டேன். அந்த மருந்து கேக்குமான்னே தெரியாது."

"சரி, திருப்பி பண்ணு. எத்தனை நாளாகும்?"

"நாலு மாசம்."

"என் காலுக்கு டாக்டர் ரெண்டு மாசம்தான் கெடு சொல்லியிருக்காருக்கா" என்றான்.