எனக்காக ஒரு திட்டு

1

இந்தக் கதை நானாக எழுத உட்கார்ந்தது இல்லை, என்னிடம் கேட்டு வாங்கியது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போனில் கூப்பிட்டு, நல்ல நண்பர்கள் இருந்தால் அன்றாட மன அழுத்தம் குறையும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். "படிக்கிறவங்களுக்கு நாலு யோசனை கிடைக்கணும்மா, சோகமா முடிச்சிடாதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? என் தோழி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதையும் சொல்லவில்லை.

கட்டுரையாகத்தான் ஆரம்பித்தேன். 'நட்பு என்பது மனிதருக்குக் கிடைத்த'

அதோடு நின்றுவிட்டது. (வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஒழுங்காக எழுதப் பார்த்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி.)

2

இரண்டாவது ஆரம்பம்: 'அந்த அலுவலகத்தில் இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தார்கள்.'

இது பரவாயில்லை, பொய்யில்லை. ஒருத்தி நான். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை. மெஷின் மக்கர் பண்ணினால் யாரும் மெஷினைத் திட்டுவதில்லை, எங்களைத்தான் திட்டுவார்கள். நாங்கள் திருப்பிப் பேசக் கூடாது. "புரியுது சார்" என்று மட்டும் சொல்லலாம்.

இன்னொருத்தியைக் குண்டூசி என்று கூப்பிடுவோம். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தல். முதல் வரைவில் அவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேன். எப்போதும் புன்னகை, எப்போதும் என் தோளில் ஒரு கை. படித்துப் பார்த்தால் யாரோ போல இருந்தாள். உண்மையில் என் சீப்பை வாங்கினால் முடியோடு திருப்பித் தருகிறவள் அவள். "எல்லாம் சரியாகிடும்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்காகத் திட்டுவாள், அவ்வளவுதான்.

3

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. திட்டு வாங்கியவள் மியூட்டை அழுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பி, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தன்னைத் திட்டியவரைத் தானே திட்டக் கூடாது, திட்டினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும் என்பது குண்டூசியின் கட்சி. பக்கத்தில் இருப்பவள்தான் திட்ட வேண்டும். அதுவும் ராத்திரி படுப்பதற்குள் சரியாகிவிடுகிற கெடுதலுக்குத்தான் அனுமதி.

"அவன் சோப்பு போட்டு நிக்கிறப்போ தண்ணி நின்னு போகட்டும்" என்பாள்.

இன்னொருத்தனுக்கு: "அவன் செருப்புக்குள்ள ஒரு குட்டிக் கல்லு போகட்டும்டி. உதறினாலும் விழக் கூடாது."

சிரித்துவிட்டு மறுபடி லைனுக்குப் போய் "புரியுது சார்" என்பேன். அப்போது அது எனக்கு நிஜமாகவே புரியும்.

ஒருமுறை மியூட் சரியாக விழவில்லை. செருப்புக் கல் விஷயம் முழுவதும் லைனில் இருந்தவர் காதுக்குப் போய்விட்டது. வேலை போச்சு என்று இரண்டு பேரும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தோம். அவர், "எனக்காக இப்படித் திட்ட ஆளில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். குண்டூசி அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை.

(ஆசிரியருக்கு: நாலு யோசனையில் இது ஒன்று. மற்ற மூன்றும் எனக்குத் தெரியாது.)

4

'பிறகு ஒருநாள் அவள் தொண்டையில்'

அழகாக முடிக்க வரவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனோடு குரல் போய்விட்டது.

பார்க்கப் போனேன். அவள் அண்ணி கட்டிலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், ஃபிரிட்ஜ் கதவு மூடவில்லை என்று ஒரு அம்மா காலையில் என்னை அழவைத்த கதையைச் சொன்னேன். குண்டூசி கையைத் தூக்கி, பொறு என்று காட்டினாள். உதடுகள் அசைந்தன. நீளமான திட்டு, சத்தமே இல்லை. முடித்துவிட்டு, சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சிரித்தேன்.

அடுத்து என்னைக் காட்டினாள், தன் கழுத்துக் கட்டைத் தொட்டாள். இப்போது என் முறை. அவளுக்காக அந்த நோயை நான் திட்ட வேண்டும், ராத்திரி படுப்பதற்குள் சரியாகிவிடுகிற மாதிரி.

"அதுக்கு..." என்றேன். "அந்தச் சனியனுக்கு..."

காத்திருந்தாள். அண்ணியும் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்கு வரவில்லை.

(இந்த இடத்தில் ஒரு நல்ல திட்டைப் போட்டுவிடலாம். மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றுமே வீட்டுக்கு வந்தபின் தோன்றியவை. அவள் கேட்காததை நீங்கள் மட்டும் கேட்டு என்ன ஆகப் போகிறது?)

விடுடி என்பது போல என் கையைத் தட்டினாள். அடுத்த வாரம் போய்விட்டாள்.

5

முடிவு வேண்டுமே. முதல் முடிவில் அவள் குரலோடு திரும்பி வருகிறாள். எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் அவள் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வருகிறாள், நான் வழக்கத்தைச் சொல்லித் தருகிறேன். ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நாற்காலியில் இப்போது பழுதான பிரிண்டரைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் நான் வேலையை விடுகிறேன். என் வீட்டு நிலைமைக்கு அது நடக்காது.

நடந்தது இதுதான். இன்று ஒருவர், வாஷிங் மெஷின் ஆடுகிறது என்று ஆரம்பித்து, "உன்கிட்ட பேசுறதுக்கு செவுத்துக்கிட்ட பேசலாம்" என்றார். மியூட்டை அழுத்தினேன். பழக்கதோஷத்தில் நாற்காலியைத் திருப்பினேன். பிரிண்டர்தான் இருந்தது. அவள் போனதிலிருந்து வாங்கிய திட்டெல்லாம் வயிற்றிலேயே இருக்கிறது. நாளைக்கு அந்த ஹெட்போனை மறுபடி மாட்ட முடியுமா என்று தெரியவில்லை.

அவரை நானே திட்டக் கூடாது. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறீர்கள், என் பக்கத்தில் இப்போது இருப்பது நீங்கள் ஒருவர்தான். திட்டு பெரிதாக வேண்டாம். அவரும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கட்டும்.

மியூட் விழுந்திருக்கிறது, நன்றாகப் பார்த்துவிட்டேன். அவருக்குக் கேட்காது. சொல்லுங்கள்.