உப்பை எண்ணிய பெட்டி

1

ஒரு தவறான எண்ணிலிருந்து பிறந்த கதை இது. எண் 148. மார்கழியில், காலை ஐந்தரை மணிக்கு, மரக்காணத்துக் காற்றில் நுண்தூசி எவ்வளவு என்று ஒரு சிறிய பெட்டி சொன்ன எண். அறுபதைத் தாண்டினாலே நல்லதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடற்கரை ஊரில் காற்று கெடாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு—’

அடித்துவிட்டேன். எல்லோரையும் எனக்குத் தெரியாது. வினோதினியைத் தெரியும்.

2

வினோதினி வேதியியல் படித்தவள். காற்றை அளக்கும் ஒரு திட்டத்தில் வேலை. கொடுத்த பெட்டிகளில் ஒன்றைத் தன் வீட்டு மாடியிலேயே, உப்பளத்தைப் பார்த்தாற்போல் கட்டினாள். அப்பா சகாதேவனுக்கு உப்பளத்தில் வேலை. இரண்டு வருடமாக இருமலும் இழுப்பும். ஒரு மாதம் முழுக்க விடியற்காலை எண்கள் நூற்றுக்குக் கீழே இறங்கவில்லை. அவள் பயந்துபோனாள்.

“அப்பா, கொஞ்ச நாள் திண்டிவனத்துல அக்கா வூட்ல இரு. இங்க காத்து சரியில்ல.”

“கடக்காத்தா சரியில்ல?”

“மிஷின் காட்டுதுப்பா.”

அவர் சிரித்தார். ஆனால் கிளம்பினார். பஸ் ஏறும்போது மேஸ்திரி ஐயப்பனிடம், “ஏம்பா, எங்க வூட்டுப் பொண்ணு காத்தையே படிச்சிட்டுச் சொல்லுது. நீ மொதல்ல அந்த பீடிய அணை” என்றார்.

(இந்த வரியை இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் திரும்ப வைத்தேன். அவர் அவ்வளவு பெருமைப்படாமல் இருந்திருந்தால் அவளுக்குப் பின்னால் சுலபமாக இருந்திருக்கும்.)

3

அவர் போன மூன்றாம் வாரம் பருவம் தப்பி ஒரு மழை. மழை காற்றைக் கழுவும். மறுநாள் காலை எண் இறங்கியிருக்க வேண்டும். 160 காட்டியது.

வினோதினி மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறுமுன் உப்பை மூட்டை பிடிக்கமாட்டார்கள். பனியில் உப்பு நீர்த்திருக்கும், சாக்கு நனைந்துவிடும். உப்பளத்து வீட்டுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். காற்றில் மிதக்கும் கடலுப்பும் அப்படித்தானே? கண்ணுக்குத் தெரியாத துகள் ஈரத்தைக் குடித்து ஊதுகிறது. பெட்டி அதைப் புகை என்று எண்ணிவிடுகிறது. படித்த படிப்பிலும் இருந்தது, பிறந்த வீட்டிலும் இருந்தது. பெட்டிக்கு முன்னால் இரண்டையும் மறந்தாள்.

பெட்டியின் வாயில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, காற்றைச் சூடாக்கி உலர்த்தி உள்ளே அனுப்பினாள். 43.

அதே பெட்டியை, அதே பல்போடு, திண்டிவனத்தில் அக்கா சந்தியா வீட்டு மாடியில் ஒரு விடியற்காலை வைத்துப் பார்த்தாள். 117.

(இங்கே ஒரு விளக்கம், சுருக்கமாக. மார்கழி இரவில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். குளிர்ந்த காற்று தாழப் படுத்துக்கொள்வதால் குப்பைப் புகையும் லாரிப் புகையும் மேலே ஏறாது. கடலோரத்தில் மதியமே கடற்காற்று வந்து துடைத்துவிடும். திண்டிவனத்துக்கு அது சாயங்காலம் களைத்து வரும். சில நாள் வராது.)

விளக்கத்தை அவள் இப்படி எழுதமாட்டாள். அவளுக்குக் காற்று என்றால் சித்திரை மதியம். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவாள். வரப்பில் ஒரு மணிவாக்கில் முதல் கடற்காற்று முதுகில் படும். அவர் கையில் எடுத்த கவளத்தோடு நிறுத்தி, கண்ணை மூடி, “வந்துட்டான்” என்பார். ஆடியில் மேல்காற்று செம்மண்ணைச் சோற்றில் தூவும். “இவன் வேண்டாத விருந்தாளி” என்று தட்டை மூடுவார். ஐப்பசி மழை விட்ட அன்று, கழுவெளி ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பனைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அப்போது அவளிடம் எந்தப் பெட்டியும் இல்லை.

4

தை பிறந்ததும் உப்பளத்தில் மழைச்சேற்றை வழித்து, உப்பு விளையும் பாத்திகளின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டியாக்குவார்கள். யார் மிதிக்கிறாரோ அவருக்குத்தான் அந்த வருடம் அந்தப் பாத்தி.

“நாளைக்கு மிதிக்கிறாங்களாம்” என்றாள் அம்மா. “உங்கப்பா பாத்திக்கு வேற ஆள் பாத்துட்டாங்க. நீ பாட்டுக்குப் பெட்டியப் பாத்துக்கினு இரு.”

சந்தியா முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள்: “ராத்திரியெல்லாம் உக்காந்துக்கினே இருக்குதுடி அப்பா. கேட்டா, ஊருல இதவிட மோசம், சின்னவ அளந்து வெச்சிருக்கான்னு சொல்லுது.”

5

முடிவு ஒன்று: அவள் எதுவும் சொல்லவில்லை. சித்திரையில் அவராகவே திரும்பி வருகிறார். தவறு யாருக்கும் தெரியவில்லை. (அதற்குள் வேறொருவர் பாத்தியில் உப்பு விளைந்துவிடும்.)

முடிவு இரண்டு: அவர் வந்து தரை மிதிக்கிறார். மதியம் காற்று வருகிறது. இருமல் நின்று— இதைத்தான் ஆசையாக எழுதினேன். அதனால்தான் நம்பவில்லை. நல்ல காற்று மருந்து ஆகாது. கெட்ட காற்றிலிருந்து அவரைக் கூட்டி வரலாம், அவ்வளவுதான்.

முடிவு மூன்று: ‘அவள் ஒரு கடிதம்—’ வேண்டாம். போன் கையிலேயே இருக்கிறது.

6

அழைத்தாள்.

“இன்னாம்மா, இன்னைக்கு எவ்ளோ காட்டுது?”

“அப்பா, நான் தப்பா அளந்துட்டேன். அது புகை இல்ல, உப்பு. அங்கதான் மோசம். உன்ன நாந்தான் அங்க அனுப்பிட்டேன். நாளைக்குத் தரை மிதிக்கிறாங்க.”

அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

சிரிக்கப் போகும்போதும் அவர் அப்படித்தான் இழுப்பார். திட்டப் போகும்போதும். மூச்சு முட்டும்போதும். எது என்று எனக்குத் தெரியவில்லை. வினோதினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். நீங்களும் கேளுங்கள்.