அண்ணன் எழுதிய பாராட்டு

பாஸ்போர்ட் அளவுப் படங்களில் ஊரார் முகப்பருக்களை அழிப்பது அவளுடைய பகல் வேலை. ஸ்டுடியோவிலிருந்து வீடு திரும்பியதும் கரடி வரைய உட்கார்ந்துவிடுவாள். குடை பிடித்த கரடி, சலவை இயந்திரத்தின் முன் தன் கம்பளிக் கோட்டுக்காகக் காத்திருக்கும் கரடி. குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காவது படம் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வரைந்ததையெல்லாம் இணையத்தில் போட்டு வந்தாள். ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. 'புத்தகப் புழு' என்று ஒரு கணக்கைத் தொடங்கி, "என் கதைப் புத்தகத்துக்கு இவர்தான் படம் போட்டார். பிரமாதம்!" என்று அவள் படத்துக்குக் கீழே எழுதிவிட்டான்.

அதைப் படித்துவிட்டு ஒரு பதிப்பாசிரியர் அவளுக்கே எழுதினார்: 'எங்களுக்கும் ஓவியர் தேவை. அந்தப் புத்தகத்தை அனுப்ப முடியுமா?'

"எந்தப் புத்தகம்ணா?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "ஒரு வாரம் டைம் கேளு குட்டி. ஒண்ணு பண்ணிடலாம்."

"புத்தகம் என்ன தோசையா, ஊத்தி எடுக்க?" என்றாள் அண்ணி. "உள்ளதச் சொல்லிடு. வந்தா மலை, போனா மயிரு."

அவளே பதிப்பாசிரியரை அழைத்தாள். "மேடம், அப்படி ஒரு புத்தகமே இல்ல. அத எழுதினது என் அண்ணன்."

"ஓ. அப்போ படங்கள்?"

"நான் போட்டதுதான்."

"அத மட்டும் எப்படிம்மா நம்புறது?"

நியாயமான கேள்வி. "வரையறதக் காட்டறேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டாள்.

இதுவரை முடித்த படங்களை மட்டுமே போட்டிருந்தாள். ரப்பர் தடம், பென்சில் கறை எல்லாவற்றையும் பருவைப் போலத் துடைத்துவிட்டுத்தான் வெளியே விடுவாள்.

அவள் வரைவதைப் படமெடுக்க அண்ணன் முக்காலியில் ஏறி, மேலிருந்து போனைப் பிடித்தான். கரடியின் கால் குட்டையாகிவிட்டது. வழக்கம்போலத் தாளைக் கசக்கக் கை போனது.

"நிறுத்தட்டுமா?"

"வேணாம். பிடிச்சிட்டே இரு."

காலை அழித்தாள், அழுக்காய் ஒரு தடம் நின்றது. நிற்க வேண்டிய கரடியை அதன் மேலேயே உட்கார வைத்தாள். உட்கார்ந்தபின் அது யாரோ வருவதற்காகக் காத்திருப்பது போல இருந்தது.

எதையும் வெட்டாமல் அந்தக் காணொளியைத் தன் பக்கத்திலேயே போட்டாள். கீழே எழுதினாள்: 'புத்தகப் புழு என் அண்ணன். அவர் சொன்ன புத்தகம் இல்லை. இந்தக் கரடி என்னுடையது.'

மறுநாள் ஸ்டுடியோவில் யாரோ ஒருவருடைய மூக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பதிப்பாசிரியரின் பதில் வந்தது: 'கால் தப்பானதும் நீங்க என்ன செய்யறீங்கன்னு பார்த்தேன். எங்க கதையில வர்றது ஒட்டகம். ஒரு பக்கம் வரைஞ்சு பார்க்கறீங்களா?'

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் போனை எடுத்தான். "புத்தகப் புழு பேர்ல வாழ்த்து மட்டும் ஒண்ணு..."

"ஏங்க!" என்று அண்ணி அதைப் பிடுங்கிக்கொண்டாள். தங்கையோ அதற்குள் ஒட்டகத்தின் முழங்காலை வரைந்துகொண்டிருந்தாள்.