மூன்றாவது குழுவுக்கு வைத்த கதவு

இருபத்தாறு வருஷமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். வேலை தெரியாதவனோடும் பார்த்திருக்கிறேன், குடித்துவிட்டு வந்தவனோடும் பார்த்திருக்கிறேன். செங்கல்லைத் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ, தொட்டபின் ஒரு போட்டோ எடுக்கிறவர்களோடு வேலை பார்த்தது இந்த வெள்ளத்துக்கு அப்புறம்தான்.

கிறிஸ்தவ மாணவர் சேவைக் குழு. பதினாலு பிள்ளைகள், எல்லார் முதுகிலும் ‘நேசக் கரங்கள்’ என்று அச்சடித்த சட்டை. கூட்டிவந்தவரை அவர்கள் பிரதர் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசு, கைதான் வரவில்லை. காலையெல்லாம் பாடிக்கொண்டே சுவர் எழுப்புவார்கள். அவர்கள் சாப்பிடப் போனதும் நான் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பாதியைப் பிரித்துத் திரும்பக் கட்டுவேன். சாப்பிட்டு வந்த பிரதர், “பாருங்க, எவ்வளவு நேரா வந்திருக்கு!” என்று அவர்களைத் தட்டிக்கொடுப்பார்.

வீடு ஒரு தையல்காரம்மாவுக்கு. பழைய வீட்டை வெள்ளம் வழித்துக்கொண்டு போய்விட்டது. மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். மருமகன் வெளியூரில் வேலை. அம்மா, மகள், குழந்தை மூன்று பேரும் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இன்னும் ஒன்பது குடும்பங்களோடு கிடந்தார்கள். அந்தப் பெண் கரும்பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் குழந்தைக்குப் பால் கொடுப்பாள். அதற்கும் திங்கட்கிழமையோடு முடிவு. பள்ளி திறக்கிறது, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவர், கூரை, வாசல் நிலை எல்லாம் முடிந்தது. கதவு மட்டும்தான் பாக்கி. கீலும் தாழ்ப்பாளும் அடித்த நல்ல கதவு, குழுவின் வேனுக்குள் இருந்தது. வேறு கதவு வாங்கலாமென்றால் ஊரில் இருந்த மரக்கடையே முங்கிப் போயிருந்தது.

“கதவைக் குடுங்க பிரதர். அரை மணி நேர வேலை” என்றேன்.

“அது முடியாது மேஸ்திரி. முதல் குழு அஸ்திவாரம், நாங்க சுவர். கதவு மூணாவது குழுவுக்கு.”

“அவங்க எப்ப வர்றாங்க?”

“அடுத்த மாசம், பரீட்சை முடிஞ்சதும். அவங்களுக்கும் ஒரு ஆசீர்வாதம் வேணும்ல? கதவு மாட்டுற நிகழ்ச்சின்னு நோட்டீஸே அடிச்சாச்சு.”

தையல்காரம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “பிள்ளை பெத்தவள வச்சுக்கிட்டு, திறந்த வீட்டுல எப்படிங்க படுக்கிறது?”

“கர்த்தர் காவலா இருப்பார் அக்கா.”

“அவரு இருப்பாருங்க. ஒரு தாழ்ப்பாளும் இருந்தா அவருக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்.”

பிரதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கொத்துக்கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். என் கரண்டி என்பதால் எறியவில்லை.

மறுநாள் காலை குழு கிளம்பியது. மூன்றாவது குழுவுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமாம். கதவை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்து, பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு நிறைவு ஜெபம். எல்லாரும் வட்டமாகக் கைகோத்து நின்றார்கள், நான் மட்டும் ஓரமாக. ஆமென் சொல்லும்வரை கண் திறக்கக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. இதில் பிரதர் ரொம்பக் கண்டிப்பு.

“வீட்டுக்காரங்களே ஜெபம் பண்ணட்டும்” என்றார்.

தையல்காரம்மா கண்களை மூடினாள். பிறகு ஒன்றை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அட, புரியாமல் போக நானென்ன மரமண்டையா?

“ஆண்டவரே, இந்தப் பிள்ளைங்களுக்காக ஸ்தோத்திரம். இவங்களப் பெத்தவங்களுக்காக ஸ்தோத்திரம். இவங்க சட்டைய தச்ச கைக்காக ஸ்தோத்திரம், பட்டன் காஜா மட்டும் கொஞ்சம் கோணலா இருந்தாலும்...”

கதவைத் தூக்கினேன். நிலைக்குள் வைத்துவிட்டேன். ஆனால் பிடித்துக்கொண்டே திருகுவதற்கு எனக்கென்ன நாலு கையா? திணறிக்கொண்டிருந்தபோது, ஒட்டகச்சிவிங்கி என்று நான் பெயர் வைத்திருந்த நெட்டைப் பையன் கண் திறந்து பார்த்தான். போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவன் தன் இரண்டு பக்கத்திலும் நின்றவர்களின் கைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, பூனை மாதிரி வந்து கதவைத் தாங்கினான். அந்த வாரத்தில் அவன் ஒழுங்காகச் செய்த முதல் வேலை.

முதல் திருகு கிறீச்சென்றது.

“அல்லேலூயா!” என்று ஒரு பெண் கத்தினாள். அப்புறம் ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஒரு அல்லேலூயா. பதினாலு பிள்ளைகளும் கண் திறந்திருந்தார்கள். பிரதர் மட்டும் இறுக மூடியபடி, பிள்ளைகளின் உற்சாகத்தில் உருகிக்கொண்டிருந்தார்.

“வேன் டிரைவரோட முழங்கால் வலிக்காக ஜெபிக்கிறோம். மூணாவது குழுவோட பரீட்சைக்காக ஜெபிக்கிறோம். ஆண்டவரே, நீர் ஆறு நாள்ல உலகத்தையே முடிச்சீர். அடுத்த குழுவுக்கு இருக்கட்டும்னு சூரியனப் பாக்கி வைக்கல...”

பிரதரின் நெற்றி சுருங்கியது. ஆனாலும் கண் திறக்கவில்லை. அந்த ஒன்றுக்கு அவரை மெச்சத்தான் வேண்டும்.

பன்னிரண்டாவது திருகும் ஏறியது. நிழலில் உட்கார்ந்திருந்த மகள் குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் தையல்காரம்மா, “ஆமென்” என்றாள்.

பிரதர் கண் திறந்தார். கதவைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேஸ்திரி, என்ன இது? கழட்டுங்க! மூணாவது குழு வந்து என்ன செய்யும்?”

நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தேன். அவரே விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தட்டினார்.

“யாரு?”

“நான்தான், பிரதர். கதவைத் திறம்மா.”

“பாப்பா பால் குடிக்குதுங்க” என்றாள் உள்ளிருந்து. “அப்புறமா வாங்க.”

தட்டுவதற்கு மறுபடி ஓங்கிய கையைப் பிரதர் மெதுவாகக் கீழே விட்டார்.