எட்டு மணி மேகம்

மலை உச்சியில் வானிலை நிலையம் நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் கம்பீரம் இருக்கும். சாயல்குடிப் பக்கம் எங்கள் கடலோரத்தில் உயரமானது உப்புக் குவியல்தான். அதற்கு அடுத்தது எங்கள் நிலையத்து மொட்டை மாடி. அங்கே இருபத்திரண்டு வருஷமாக நான் வெயிலை அளக்கிறேன். இந்த ஊர் வெயிலை அளக்க ஓர் ஆளா என்று கேட்காதவர்கள் கிடையாது.

கருவி எளிது. ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் ஓர் அட்டை. வெயில் உருண்டை வழியாக விழுந்து அட்டையில் கோடாகக் கருக்கும். மேகம் மறைத்தால் கோடு விட்டுப்போகும். தினமும் பொழுது சாய்ந்ததும் அட்டையை மாற்றி, எத்தனை மணி நேரம் வெயில் என்று எழுதுவேன். உருண்டைமேல் நிழல் விழக் கூடாதென்று பக்கத்து வீட்டு முனீஸ்வரனின் முருங்கை மரத்தைச் சண்டை போட்டு வெட்டவைத்தவன் நான். அவர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

போன வாரம் ஏர்வாடியிலிருந்து பதினோரு மணி பஸ்ஸில் சூஃபியா வந்தாள். என் அட்டைகளை வைத்துத்தான் இரண்டு வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

"வருசம் பூரா காலையில எட்டுல இருந்து எட்டரை வரைக்கும் வெயிலே இல்ல சார். இப்படி நேரம் தவறாத மேகத்த நான் வேற எங்கயும் படிச்சதில்ல. என் ஆய்வே இந்த மேகந்தான்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இடைவெளியை நானும் தினமும் பார்த்தவன்தான். எட்டேகாலுக்குக் கீழே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வாசலில் வெயில் கொளுத்தும். ஆனாலும் அட்டையை நம்பினேனே தவிர, என் கண்ணை நம்பவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம் சார். 2014 மே மாசம் பத்து நாள் மட்டும் அந்த மேகம் வரல. அப்ப இங்கன என்ன நடந்துச்சு?"

"அப்ப நான் லீவும்மா. என் மக கோகிலா கல்யாணம். ராமநாதபுரத்துல இருந்து வேற ஆள் வந்து பார்த்தாரு."

சொல்லும்போதே எனக்கு என் கைலி ஞாபகத்துக்கு வந்தது. உருண்டைக்குக் கிழக்கே இரண்டு முழத்தில் துணி காயப்போட ஒரு கொடி கட்டியிருக்கிறேன். குளித்துவிட்டுச் சரியாக எட்டு மணிக்கு ஈரக் கைலியை அதில் விரிப்பேன். எங்கள் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரம் போதும். எட்டரைக்கு மற்ற கருவிகளைப் பார்க்க ஏறும்போது எடுத்துவிடுவேன். ராமநாதபுரத்து ஆள் குளித்தாரா என்பதே சந்தேகம். சோதனைக்கு வந்த அதிகாரிகளும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார்கள்.

டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கினேன். வாயை மூடிக்கொண்டால் அவள் டாக்டர். நன்றியுரையில் என் பெயரும் வரும். பாதிப் படியில் நின்றுவிட்டேன். என் கைலியை மேகம் என்று நம்பி அந்தப் பெண் நாலு பேர் முன்னால் பேசப் போகிறாளே என்று தோன்றியது. டீ வாங்காமலே ஏறிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் நம்பவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே வாப்பாவின் பைக்கில் வந்து இறங்கினாள். நான் கைலியை அறைக்குள் காயப்போட்டேன். இரண்டு பேரும் மாடியில் நிழல் படாமல் தள்ளி நின்று அட்டையைப் பார்த்தோம். கோடு எட்டைத் தாண்டியது. எட்டரையையும் தாண்டியது. ஓர் இடத்திலும் விட்டுப்போகவில்லை.

சூஃபியா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இருபத்திரண்டு வருசத்துல ஒரு பத்து நாளாச்சும் லேட்டாக் குளிச்சிருக்கக் கூடாதா சார்? கோடு முன்னப்பின்ன இருந்திருந்தா நான் அப்பவே சந்தேகப்பட்டிருப்பேனே."

"மன்னிச்சிரும்மா" என்றேன். நேரம் தவறாமல் இருந்ததற்காக மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்கு அதற்குமேல் தெரியவில்லை.