பூட்டு: சரி

1

அப்பாவைக் காப்பாற்றத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேட்க வேண்டாம்.

எங்கள் கார் இரண்டு மாதத்தில் மூன்று முறை பேட்டரி இறங்கி நின்றது. மூன்றாவது முறை, கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டுகிறவரிடம்தான் என்று கார் எலக்ட்ரீஷியன் சொன்னார். ஓட்டுகிறவர் என் அப்பா. எழுபத்து மூன்று வயது. தினமும் மாலை ஐந்து மணிக்கு என் மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போகிறவர்.

அவருடைய ஷெட்டில் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த மனிதரைக் காகிதத்தில் கிழிக்க ஆரம்பித்தேன். நேரில் வாய் திறக்காதவன் கதையில் புலியாவது என் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம்.

2

தொடக்கத்துக்கு முயன்ற வரிகள்:

"அந்தத் திருட்டு ஷெட்டின் வாசலில்" (முதல் வரியிலேயே தீர்ப்பா? வேண்டாம்.)

"டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்து, பிறகு கதவுகள் தாமாகவே" (நடந்ததுதான். ஆனாலும் பேய்க்கதை வாடை அடிக்கிறது.)

"அப்பா எதையும் மறக்கிறவர் அல்ல" (இதை மூன்று நாள் வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்பது ஐந்தாம் பகுதியில்.)

3

முதல் வரைவில் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மாறுகண் கொடுத்தேன். பேசும்போது எதிராளியின் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கமும் கொடுத்தேன். உண்மையில் அவருக்கு இரண்டும் கிடையாது. ஸ்டியரிங்கைத் தொடும் முன் இரண்டு கையையும் துணியில் துடைத்துக்கொள்கிற மனிதர். அதை எழுதினால் வில்லன் கெட்டுப்போவான் என்று விட்டுவிட்டேன். இப்போது சேர்க்கிறேன்.

அன்று அவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது:

"வண்டில ஒண்ணும் காட்டல சார். உள்ள லைட்டோ ஃபேனோ ஏதாவது ஆன்லயே விட்டுட்டுப் போறாங்க. வயசானவங்க, இருக்கறதுதான்."

அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் பம்ப் ஹவுஸ்ல ஷிப்ட் பாத்தவன். ஒரு ஊருக்கே தண்ணி போகும், வரும். ஒரு ஸ்விட்ச மறந்திருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"அப்ப எழுதி வைங்க பெரியவரே. ஒவ்வொரு தடவ நிறுத்தறப்பவும் எல்லாம் அணைச்சாச்சான்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பாத்துடுவோம்."

அவர் சவாலாகச் சொன்னார். அப்பாவுக்கோ பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றே நீளமான நோட்டு வாங்கி, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டார். தேதி, நேரம், விளக்கு, விசிறி, ரேடியோ, பூட்டு, கையெழுத்து.*

(* என் கதைகளையும் அப்பா இப்படித்தான் படிப்பார். அச்சுக்குப் போகும் முன் முதலில் அவர் கைக்குத்தான் போகும். பிழை திருத்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நேரம் போட்டு, "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். என் ஒன்பது கதைகள் அப்படிக் கையெழுத்தோடு அலமாரியில் இருக்கின்றன.)

4

நோட்டு தொடங்கிய பன்னிரண்டாம் நாள் வண்டி மறுபடி செத்தது. முந்தைய மாலை வரியில் எல்லாம் "அணைத்தது", பூட்டு "சரி". என் மனைவி நோட்டை ஒரு முறை பார்த்தாள், அப்பாவை ஒரு முறை பார்த்தாள். சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போறீங்க. எனக்கு அது ஒண்ணுதான்."

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நியாயம்தான்மா. ஆனா ஒண்ணு செய்வோம். வண்டிய அவன் ஷெட்லயே போடு. சாவியும் அவன்கிட்டயே இருக்கட்டும். நான் அந்தப் பக்கமே போகல. அப்பவும் செத்துச்சுன்னா யாரு மறந்தாங்கன்னு அவனே சொல்லட்டும்."

திங்கள் மதியம் வண்டியை விட்டோம். மகளை மனைவி பஸ்ஸில் அழைத்துப் போனாள். செவ்வாய் காலையிலும் புதன் காலையிலும் அப்பா என்னிடம் "அவன் போன் பண்ணானா?" என்று கேட்டார். வியாழன் காலை போன் வந்தது.

"சார், வண்டி இங்கயே செத்துக் கெடக்கு. நான் தொடக்கூட இல்ல. கதவு பூட்டறதுக்கு ஒரு கன்ட்ரோல் பாக்ஸ் இருக்கு, வண்டிய நிறுத்தினா அது தூங்கணும். இது சில நாள் தூங்குது, சில நாள் முழிச்சுக்கிட்டு கரண்ட்ட இழுக்குது. நான் பாத்த அன்னிக்குத் தூங்கியிருக்கு. பெரியவர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

வந்தார். வாசலில் நின்று, "நான் அவசரப்பட்டுட்டேன்யா" என்றார். அப்பா அவரை உள்ளே உட்கார வைத்து, அந்தப் பாக்ஸ் எப்படித் தூங்கும், எப்படி விழிக்கும் என்று அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மனைவி சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில், அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"மன்னிச்சுடுங்க மாமா."

"அட, இதுல என்னம்மா இருக்கு. வண்டி வரட்டும், எடுத்துக்கறேன்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பெரியவர் ஜெயித்தார், எலக்ட்ரீஷியன் நல்லவரானார், வாசகரும் மனம் நிறைந்து எழுந்து போகலாம். நானும் அடியில் கோடு போட்டுவிட்டேன்.

5

கட்டத்தின் தலைப்புகளைச் சரியாக எழுத வேண்டுமே என்று வெள்ளிக்கிழமை அப்பாவின் நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கம்.

செவ்வாய், மாலை 5.50. விளக்கு: அணைத்தது. விசிறி: அணைத்தது. ரேடியோ: அணைத்தது. பூட்டு: சரி. கையெழுத்து.

புதன், மாலை 5.50. அதேதான். பூட்டு: சரி. கையெழுத்து.

வண்டி ஷெட்டில் இருந்தது. சாவி ஷெட்டில் இருந்தது. அந்த இரண்டு நாளும் காலையில்தான் "அவன் போன் பண்ணானா?" என்று கேட்டிருந்தார்.

பழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். பதிவேட்டில் ஒரு வரி காலியாக இருந்தால் மேலதிகாரி விளக்கம் கேட்பார், அதனால் கை தானாக நிரப்பிவிடும். இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது, ஒரு மணி நேரம் தாங்கியது. பிறகு அப்பாவே சொன்னது ஞாபகம் வந்தது. மின்சாரம் இல்லாமல் பம்ப் நின்ற நாட்களில் என்ன எழுதுவீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஓட்டம் இல்லைன்னு எழுதணும். பாக்காதத சரின்னு எழுதறவன் ஷிப்ட்டுக்கு லாயக்கில்ல" என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அலங்காரம் செய்து சொல்லத் தெரியவில்லை.

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறேன். (தாளைப் பிடித்துப் பார்த்தேன், கை வரவில்லை.) இன்னொன்றில் மனைவியிடம் காட்டுகிறேன், சாவி கைப்பைக்குத் திரும்புகிறது. மூன்றாவதில் அப்பாவிடமே கேட்கிறேன், அவர் சிரித்துக்கொண்டே

6

அந்த வரியை முடிக்கவில்லை, ஏனென்றால் "வண்டிக் கத முடிஞ்சுதா?" என்று அவரே அறைக்குள் வந்துவிட்டார். இன்று சனிக்கிழமை. வண்டி சரியாகி வாசலில் நிற்கிறது. ஐந்தாம் பகுதி வரை உள்ள நான்கு பக்கங்களைக் கொடுத்தேன். வாயால் கேட்கத் துணிவில்லாமல் காகிதத்தில் கேட்டிருக்கிறேன். கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பகுதியை அவர் கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன். போட்டுக்கொண்டு கிளம்ப வசதியாக ஷூவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். மேஜையில் சாவி. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பேனா மூடியைத் திறந்து, எழுதி, டக்கென்று மூடுகிறார். அந்த டக் மூன்று முறை கேட்டுவிட்டது. ஐந்தாம் பகுதி இருப்பது நான்காம் பக்கத்தில்.

ஐந்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். மகள் பையோடு வந்துவிட்டாள்.

"தாத்தா, போலாமா?"

"இரு கண்ணு. ஒரு வரி மட்டும் மறுபடி பாத்துக்கறேன்."

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. சாவியை யார் எடுக்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கள் வீட்டு ஆள் இல்லை, உங்களால் முடியும். என் மகளும் அவர் பக்கத்தில் பையோடு நிற்கிறாள், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நான்காவது டக் இன்னும் கேட்கவில்லை.